கொடுப்பதில் வரும் சந்தேகங்கள்: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் மண்டபத்திலும் சமூக மன்றத்திலும் புளோக்கின் கீழ்த்தளத்திலும் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கொடுக்க மனமில்லாமல் தயங்குபவர்கள் குறைவு. எவ்வளவு, யாருக்கு, எப்படி என்பதில்தான் தடுமாற்றம். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம்.

எங்க குடும்பமே இழுத்துப் பிடிச்சுதான் ஓடுது. நாங்க என்னத்தைக் கொடுக்கிறது?

கடன் அட்டையில் நிலுவை இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். அதற்கு ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி போகிறது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று பெரியவர்கள் சொன்னதில் குறுகிய மனம் ஒன்றும் இல்லை. கடனில் இருப்பவர் கொடுக்கும் நன்கொடைக்கும் சேர்த்து வட்டி கட்டுபவர் அவரேதான்.

ஆனால் பணம் தவிர வேறு இருக்கிறது. தமிழ் மட்டுமே தெரிந்த முதியவருக்கு வரும் ஆங்கிலக் கடிதத்தைப் படித்துச் சொல்வது பத்து நிமிட வேலை. பலதுறை மருந்தகத்துக்குத் துணையாகப் போவது அரை நாள் வேலை. போவதாக இருந்தால், அவர் இப்போது சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். டாக்டர் சொல்வதை அங்கேயே எழுதிக்கொண்டு, எந்த மாத்திரை காலை, எந்த மாத்திரை இரவு என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு வாருங்கள். ஐம்பது வெள்ளி கொடுப்பதைவிட இது அவருக்கு அதிகம் உதவும்.

சம்பளத்துல எவ்வளவு ஒதுக்கலாம்னு ஏதாவது கணக்கு இருக்கா?

சமயத்தைப் பொறுத்த கணக்குகள் உண்டு. முஸ்லிம்களுக்கு, குறிப்பிட்ட அளவைத் தாண்டி ஓராண்டு கையிருப்பில் இருந்த சேமிப்பில் 2.5 விழுக்காடு சக்காத்து. பல கிறிஸ்துவர்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிறார்கள். இந்துக்களிடம் எல்லாருக்கும் பொதுவான விகிதம் கிடையாது.

புதிதாகத் தொடங்குபவருக்கு எங்கள் யோசனை, கைக்கு வரும் சம்பளத்தில் ஒரு விழுக்காடு. 3,500 வெள்ளி சம்பளத்தில் மத்திய சேம நிதிக்கு 20 விழுக்காடு போனால் கைக்கு 2,800 வரும். அதில் ஒரு விழுக்காடு 28 வெள்ளி. இதைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுக்கலாம் என்று இருந்தால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. பாதியை ஒரே அமைப்புக்கு மாதந்தோறும் அனுப்புங்கள். மறுபாதி திடீர்த் தேவைகளுக்காகக் கையில் இருக்கட்டும். அந்தத் தொகை இருந்தால்தான் யாராவது வந்து கேட்கும்போது வீட்டுச் செலவில் கைவைக்காமல் யோசிக்க முடியும்.

சிண்டாவுக்குத்தான் மாசாமாசம் பிடிச்சிடறாங்களே, அது போதாதா?

சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், 1991ல் தொடங்கப்பட்டது. மத்திய சேம நிதி வழியாகப் பிடிக்கப்படும் தொகை சம்பளத்துக்கு ஏற்ப மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை. 3,500 வெள்ளி வாங்குபவருக்கு 7 வெள்ளி. அந்தப் பணம் நம் பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புக்கும் குடும்ப உதவிக்கும் போகிறது. நல்ல காரியம், அதை நிறுத்தாதீர்கள்.

போதுமா என்றால், அது தானாகப் போகிற பணம். பக்கத்து வீட்டில் விளக்கு எரியவில்லை என்பதை அது பார்க்காது.

நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக் கழிவுன்னா, 100 கொடுத்தா 250 திரும்ப வருமா?

வராது. இந்தக் குழப்பம் பலருக்கும் இருக்கிறது. ஐபிசி (பொதுநல அமைப்பு) தகுதி பெற்ற அமைப்புக்கு 100 வெள்ளி கொடுத்தால், வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து 250 வெள்ளி கழிக்கப்படும். நீங்கள் 7 விழுக்காடு வரி கட்டும் படிநிலையில் இருந்தால், மிச்சமாவது 250ல் 7 விழுக்காடு, அதாவது 17 வெள்ளி 50 காசு. மீதி 82 வெள்ளி 50 காசு உங்கள் கையிலிருந்து போனதுதான்.

கழிவு கிடைக்க அடையாள அட்டை எண்ணைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அமைப்பே உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தெரிவித்துவிடும், நீங்கள் படிவத்தில் எழுத வேண்டியதில்லை. உண்டியலில் போட்ட பணத்துக்கும், தகரக் குவளையில் போட்ட சில்லறைக்கும், வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்பியதற்கும் கழிவு இல்லை. பெயரில் ‘அறக்கட்டளை’ என்று இருந்தாலே ஐபிசி என்று நினைக்காதீர்கள். பதிவுபெற்ற அறநிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் அந்தத் தகுதி இல்லை. 250 விழுக்காட்டு விகிதம் 2023 வரவுசெலவுத் திட்டத்தில் 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. பிந்திய ஆண்டில் கொடுப்பவர்கள் அந்த ஆண்டின் விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்ஆர்டி வாசல்ல, வீட்டுக் கதவுல வந்து வசூல் பண்றவங்க நிஜமான ஆளுங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அமைப்புக்கு? பணம் எதற்குப் போகிறது? நீங்கள் தொண்டூழியரா, வசூல் நிறுவனத்தின் ஆளா? இவற்றுக்குப் பதில் பெறும் உரிமை கொடுப்பவருக்கு உண்டு. தெருவிலும் வீடுவீடாகவும் வசூலிக்க உரிமம் வேண்டும், அதைக் காட்டச் சொல்லலாம். அமைப்பின் பெயரை அறநிறுவன ஆணையரின் இணையத்தளத்தில் தேடினால் பதிவு இருக்கிறதா, ஐபிசி தகுதி எதுவரை செல்லும் என்பதும் தெரியும்.

அவசரப்படுத்தினாலோ, மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து எடுக்க அங்கேயே கையெழுத்துக் கேட்டாலோ, “வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு இணையத்தில் அனுப்புகிறேன்” என்று சொல்லுங்கள். உண்மையான அமைப்பு அதற்குக் கோபித்துக்கொள்ளாது. வசூல் செலவு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆகவே செலவு என்று ஒன்று இருப்பதே மோசடி ஆகிவிடாது. வாட்ஸ்அப்பில் வரும் உதவிக் கோரிக்கை சந்தேகமாக இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

உணவங்காடியில டிஷ்யூ விக்கிற ஆன்ட்டிக்குக் காசு கொடுக்கலாமா? கொடுத்தா கெடுக்கிறோமோன்னு இருக்கு.

கொடுக்கலாம். இரண்டு வெள்ளி கொடுத்து யாரும் யாரையும் கெடுத்துவிட முடியாது. டிஷ்யூவை வாங்கிக்கொண்டு கொடுங்கள். விற்கிறவர் கையில் டிஷ்யூவைத் திருப்பித் திணிக்கும்போது அவரைப் பிச்சைக்காரராக்கிவிடுகிறோம்.

இரண்டு வெள்ளியோடு நிறுத்திக்கொள்ளாமல், “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். சிலர் பொழுதுபோக்காக வருகிறார்கள், சிலருக்கு உண்மையிலேயே வாடகைக்குப் பணமில்லை. இரண்டாம் வகையினருக்கு அரசாங்கத்தின் கம்கேர் உதவித் திட்டம் இருக்கிறது. 1800-222-0000 என்ற எண்ணில் நீங்களே அழைத்து, இன்ன உணவங்காடியில் இன்ன நேரத்தில் இப்படி ஒருவரைப் பார்த்தேன் என்று சொல்லலாம். ஆனால் அழைப்பதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்காமல் அதிகாரிகளை அனுப்பினால் மறுநாள் அவர் வேறு இடத்துக்குப் போய்விடுவார்.

ஓரறை வீட்டுல தனியா இருக்கிற தாத்தாவுக்கு மளிகை வாங்கித் தரணும். என்னென்ன வாங்கட்டும்?

அவரையே கேளுங்கள். இந்தப் பக்கத்தில் பல கேள்விகளுக்கு எங்கள் பதில் இதுதான். கேட்காமல் வாங்கினால் வரும் தொல்லைகளைச் சொல்கிறோம். பத்து கிலோ அரிசி மூட்டையை அவரால் தூக்க முடியாது, திறந்து வைத்தால் வண்டு விழும். இரண்டரை கிலோ போதும். நீரிழிவு உள்ளவருக்கு இனிப்பு பிஸ்கட்டும் கெட்டிப் பாலும் போய்ச் சேர்ந்துவிடும். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு உப்பு நிறைந்த உடனடி மீ போய்ச் சேர்ந்துவிடும். டின் வாங்கினால் வளையம் இழுத்துத் திறக்கும் டின்னாக இருக்கட்டும், நடுங்கும் கைக்கு டின் திறப்பான் ஆகாது. முஸ்லிம் என்றால் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள். காலாவதித் தேதிக்குக் குறைந்தது மூன்று மாதம் இருக்கட்டும்.

அடுப்பு எரிகிறதா என்றும் பாருங்கள். அரிசி நிறைய இருந்தும் சமைக்க முடியாமல் பிஸ்கட்டில் காலம் தள்ளும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மளிகையைவிட வாரம் இரண்டு நாள் சூடான சாப்பாடு தேவை.

அன்னதானம் செய்யணும். எத்தனை பேருக்கு எவ்வளவு? மிஞ்சினதை என்ன பண்றது?

நூறு பேருக்குப் பத்து கிலோ அரிசி, சாம்பாருக்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ பருப்பு, சாம்பார் 15 முதல் 20 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் முதியவர்களும் அதிகம் என்றால் அரிசி எட்டு கிலோ போதும். கோயிலில் செய்வதானால் நிர்வாகத்திடம் நாள் பதிவு செய்யும்போதே, சென்ற ஆண்டு அதே நாளில் எத்தனை இலை போட்டார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஊகத்தைவிட அந்த எண்ணிக்கை நம்பகமானது. பற்றாக்குறை வந்தால் அவமானம் என்ற பயத்தில்தான் அளவுக்கு மீறிச் சமைக்கிறோம். எழுபது விழுக்காட்டை முதலில் சமைத்து, கூட்டத்தைப் பார்த்து இரண்டாவது உலை வையுங்கள். சோறு வேக அரை மணி நேரம்தான்.

மிஞ்சினால் நேரம்தான் முக்கியம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சூடாக வைப்பதென்றால் 60 பாகை செல்சியசுக்கு மேல், குளிரவைப்பதென்றால் 5 பாகைக்குக் கீழ். நம் ஊர் வெக்கையில் முதலில் போவது தேங்காய்ச் சட்னி. சோற்றையும் நம்பிவிடக் கூடாது. பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வெந்த பிறகும் சாகாமல் இருந்து, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பெரிய அண்டாவில் அப்படியே மூடிவைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

வெளியே கொடுப்பதென்றால் டப்பாவின் மேல் சமைத்த நேரத்தையும், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். நல்லெண்ண உணவு நன்கொடைச் சட்டத்தை நாடாளுமன்றம் 2024 ஆகஸ்ட்டில் நிறைவேற்றியது. கொடுக்கும்போது உணவு நன்றாக இருந்தது, எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று சொன்னோம், எதுவரை சாப்பிடலாம் என்றும் சொன்னோம், சுகாதார விதிகளைப் பின்பற்றினோம் என்றால் பிறகு யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலும் கொடுத்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. “பழி வருமே” என்று நல்ல சோற்றைக் குப்பையில் கொட்டியவர்களுக்கு இனி அந்தக் காரணம் இல்லை.

பழைய துணி, சாமான்?

உங்கள் தம்பிக்குக் கொடுக்கத் தயங்கும் துணியை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். துவைத்து, பொத்தான் சரிபார்த்து, ஆண், பெண், பிள்ளை என்று பிரித்துக் கட்டுங்கள். கிழிந்தது மறுசுழற்சிக்குப் போகட்டும், அமைப்புகள் அதைப் பிரித்தெறியத் தொண்டூழியர்களின் நேரத்தைச் செலவழிக்கின்றன.

ரத்தம் கொடுக்கலாம்னு போனா ஹீமோகுளோபின் குறைவுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான் ஆரோக்கியமாத்தான் இருக்கேன்.

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் பெண்களுக்கு 12.5, ஆண்களுக்கு 13.0 கிராம் இருக்க வேண்டும். எடை குறைந்தது 45 கிலோ. வயது குறைந்தது 16; 16, 17 வயதினருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஒருமுறை கொடுத்தால் அடுத்தது 12 வாரம் கழித்து. ஊட்ரம், டோபி காட், உட்லண்ட்ஸ், ஜூரோங் ஈஸ்ட் வெஸ்ட்கேட் டவர் ஆகிய இடங்களில் ரத்த வங்கி இருக்கிறது.

சைவம் சாப்பிடுபவர்களும் மாதவிலக்கு அதிகமாகும் பெண்களும் இப்படித் திரும்புவது வழக்கம். சாப்பாட்டோடு டீ, கோப்பி குடிப்பது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் சத்து நன்றாகச் சேரும். தொடர்ந்து குறைவாகவே இருந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க டாக்டரைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கோ வேறெங்கோ போய்வந்தவர்கள் பயண விவரத்தை மறைக்காதீர்கள். மலேரியா உள்ள பகுதி என்றால் கொஞ்ச காலம் காத்திருக்கச் சொல்வார்கள்.

வீட்டுப் பணிப்பெண்ணுக்கு நிறையச் செய்றோம். ஆனா அவ முகத்துல சிரிப்பே இல்லையே?

கடமையையும் தாராளத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். சம்பளத்தை நாள் தவறாமல் கொடுப்பது கடமை. ஓய்வுநாளும் அப்படியே: 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு ஓய்வுநாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது, கொடுத்தே ஆக வேண்டும். இவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு தீபாவளிக்குச் சேலை வாங்கிக் கொடுத்தால் அது அவர் மனத்தில் தங்காது.

கடமை முடிந்த பிறகு, அவருக்குப் பிடித்த சாப்பாட்டை அவரே சமைத்துக்கொள்ள அனுமதிப்பது, இரவில் பிள்ளையோடு வீடியோவில் பேசக் கதவை மூடிக்கொள்ள விடுவது போன்றவை உங்களுக்குக் காசே செலவில்லாமல் அவருக்குப் பெரிதாக இருக்கும்.

தேக்காவுல கையில கட்டோட நின்ன ஒரு ஊழியர் சாப்பாட்டுக்குக் காசு கேட்டார். கொடுத்துட்டு வந்துட்டேன். வேற ஏதாவது செய்யணுமா?

கொடுத்தது சரி. அடுத்த முறை, வேலையில் அடிபட்டதா என்று கேளுங்கள். வேலையிடக் காயத்துக்கு மருத்துவச் செலவையும் மருத்துவ விடுப்புச் சம்பளத்தையும் முதலாளி ஏற்க வேண்டும். இழப்பீட்டுக் கோரிக்கையை விபத்து நடந்த ஓராண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும். பலர் இது தெரியாமல், அல்லது ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், நாளைக் கடத்துகிறார்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பு இப்படி வேலையின்றி நிற்பவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் 2008 முதல் கஃப் ரோடு திட்டம் என்ற பெயரில் இலவசச் சாப்பாடு தருகிறது, வழக்குக்கும் வழிகாட்டுகிறது. ஹெல்த்சர்வ் அமைப்பு மருத்துவ உதவி தருகிறது. இந்த இரண்டு பெயரையும் தமிழில் எழுதிக் கொடுத்தால் பத்து வெள்ளியைவிட நீண்ட நாள் உதவும்.

நண்பன் கைமாத்துக் கேக்கிறான். இல்லைன்னு சொல்ல மனசு வரல.

திரும்பி வராவிட்டால் உங்கள் வீடு தாங்குமா என்று முதலில் பாருங்கள். அவன் 5,000 கேட்டு, உங்களால் இழக்க முடிந்தது 500 என்றால், 500ஐக் கொடுத்து “இது திருப்ப வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது கேள்வியில் சொன்ன தனிக் கணக்கு இதற்கும்தான். கடனாகவே கொடுப்பதென்றால் தொகை, தேதி, தவணை மூன்றையும் ஒரு செய்தியில் எழுதி, அவனிடமிருந்து ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் பேநவ் வங்கிப் பரிமாற்றம் வழியாகப் போகட்டும். வட்டி கேட்காதீர்கள். கொடுத்ததைவிட அதிகமாகத் திருப்பக் கேட்டுக் கடன் கொடுப்பவரை, மாறாக நிரூபிக்கும்வரை வட்டிக்கடைக்காரர் என்றே சட்டம் கருதும். உரிமமில்லாமல் வட்டிக்கு விடுவது குற்றம்.

ஜாமீன் கையெழுத்து வேறு விஷயம். போட்டால் முழுக் கடனும் உங்கள் கடன் என்று நினைத்தே போடுங்கள். வங்கிக் கணக்கையோ சிங்பாஸ் மின்னடையாளத்தையோ யாருக்கும் ‘உதவியாக’க் கொடுக்கவே கூடாது. அது மோசடிக் கும்பலின் கைக்குப் போனால் சட்டத்தின் முன் நிற்பது நீங்கள்.

ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு இங்க வசூல் பண்ணி அனுப்பலாமா?

உங்கள் சொந்தப் பணத்தை அனுப்புவது வேறு, பொதுமக்களிடம் திரட்டுவது வேறு. வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. அப்படித் திரட்டிய நிகரத் தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே பயன்பட வேண்டும் என்பது பொது விதி. பத்துப் பேர் உள்ள உறவினர் குழுவில் போட்ட செய்தி மறுநாள் முந்நூறு பேருக்குப் போய்விடும். உறவு வட்டத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் முதலில் ஆணையரிடம் கேளுங்கள்.

இந்தியப் பக்கத்திலும் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்களின் நன்கொடையை வாங்க அங்குள்ள அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும். பணம் புதுடில்லி பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்குக்குத்தான் போக வேண்டும். பதிவில்லாத சின்னக் கோயில் கமிட்டியின் கணக்கில் போட்டால் மாட்டிக்கொள்வது அவர்கள். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. உறவினருக்கு அனுப்பும் பணத்துக்குத் தடையில்லை. வெளிநாட்டுக் குடிமக்களான உறவினரிடமிருந்து ஓராண்டில் வாங்கியது பத்து லட்சம் ரூபாயைத் தாண்டினால், வாங்கியவர் மூன்று மாதத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

வீட்டுக்காரருக்குத் தெரியாம என் தங்கச்சிக்குக் கொடுத்துக்கிட்டிருக்கேன். தப்பா?

உங்கள் சொந்தச் சம்பளத்தில் உங்கள் பங்கிலிருந்து என்றால் தப்பில்லை. இருவரும் சேர்த்து வைத்த பணம் என்றால் சொல்லிவிடுங்கள். மாதம் 100 வெள்ளி என்பது ஐந்து ஆண்டில் 6,000 வெள்ளி. அது தற்செயலாகத் தெரியவரும் நாளில் சண்டை பணத்தைப் பற்றி இருக்காது, மறைத்ததைப் பற்றி இருக்கும், பழி தங்கச்சிமேல் விழும். ஆளுக்கு மாதம் இவ்வளவு, கேள்வி கேட்காமல் கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தொகையைப் பேசி வைத்துக்கொள்ளும் தம்பதிகளிடம் இந்தத் தொல்லை குறைவு.

உதவி செய்ததிலிருந்து அவங்க என்னைப் பார்த்தா லிஃப்டுக்குப் போகாம படியில இறங்கிப் போறாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்?

பெரும்பாலும் ஒன்றுமில்லை. வாங்கியவருக்கு உங்கள் முகமே கடனை நினைவூட்டுகிறது. ஆனால் மூன்றைச் சரிபாருங்கள். கொடுத்ததை வேறு யாரிடமாவது சொன்னீர்களா? முகநூலில் படம் போட்டீர்களா? அவர் கடையில் ஏதோ வாங்கியதைப் பார்த்து, “இதுக்குக் காசு இருக்கா?” என்பதுபோலப் பார்த்தீர்களா? கொடுத்த பிறகு அந்தப் பணத்தில் அவர் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கினாலும் அது அவர் விருப்பம். செலவைக் கண்காணிக்க வேண்டும் என்று தோன்றினால், ரொக்கத்துக்குப் பதில் மின்கட்டணத்தை நேரடியாகக் கட்டியிருக்கலாம், அதையும் முன்னாலேயே அவரிடம் கேட்டுக்கொண்டு.

இப்போது செய்யக்கூடியது, அவரிடம் ஏதாவது ஒன்றைக் கேட்பது. ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, மீன் குழம்புக்குப் பக்குவம், ஊருக்குப் போகும் வாரத்தில் செடிக்குத் தண்ணீர். அவரால் எளிதாகச் செய்ய முடிந்ததாக இருக்கட்டும். வீட்டுக்குக் கூப்பிட்டுக் கோப்பி போட்டால் “எதுக்குச் சிரமம்” என்று மறுக்காதீர்கள். சர்க்கரை எவ்வளவு வேண்டுமென்று சொல்லி, உட்கார்ந்து, முழுக் கோப்பையையும் குடித்துவிட்டு வாருங்கள்.